பொகவந்தலாவைப் பனியும் ஒரு ரிலேயும்

காரின் மூடுபனி விளக்கு ஹெட் லைட்டின் தயவை எதிர்பாராமல் தனித்து எரிய வேண்டும் என்பதும், அவ்விதம் தனித்து எரியும்போதும் காரின் பின்புறத்துச் சிவப்பு விளக்கை விட்டுப் பிரிந்து அது ஒருபோதும் எரியலாகாது என்பதும் என்னுடைய திடமான அபிப்பிராயம். இதில் முதற் பாதியை எங்கள் மலைப்பகுதியில் வாகனம் ஓட்டுகிற எவரும் மறுக்கப் போவதில்லை. மறுக்காதது மட்டுமல்ல, கராஜ்களில் அந்த வேலையைச் செய்வித்துக்கொண்டும் வருகிறார்கள். இரண்டாம் பாதியைப் பற்றித்தான் அதிகம் பேர் யோசிப்பதாகத் தெரியவில்லை. அதை என்னால் இயன்ற அளவு விளக்கிச் சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தினால்தான் இந்த நீண்ட பதிவை எழுதத் துணிந்தேன். வயரிங் சம்பந்தமான விஷயம் ஆகையால் அவசரப்படாமல் படிக்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.

பொகவந்தலாவைக்கு வந்தறியாதவர்களுக்கு முதலில் எங்கள் பாதையைச் சொல்லிவிடுகிறேன். ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக வந்து, காசல்ரீ நீர்த்தேக்கத்தின் ஓரமாக வளைந்து வளைந்து நோர்வூட்டை அடைந்து, அங்கே மஸ்கெலியாவுக்குப் பிரிகிற வீதியை விட்டு விலகி, கெஹெல்கமு ஓயாவின் பள்ளத்தாக்கோடு மேலேறினால் எங்கள் பட்டணம் வரும். இருபுறமும் தேயிலை, தேயிலைக்கு நடுவே லயங்கள், ஸ்டோர், கோயில், மறுபடியும் தேயிலை. தேயிலையின் தங்கப் பள்ளத்தாக்கு என்று இந்த இடத்தை வியாபாரிகள் புகழ்ந்து எழுதுவதுண்டு. உலகப் பிரசித்தி பெற்ற புகைப்படக் கலைஞரான ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையார் 1879ஆம் வருஷம் டிக்கோயாப் பகுதியில் காலமாகி, பொகவந்தலாவைப் புனித மேரி ஆலயத்தின் மயானத்திலே துயில்கிறார் என்பது இங்குள்ளவர்களிலும் பலருக்குத் தெரியாத செய்தி. உருவங்களின் விளிம்பு மங்கித் தெரியும்படி படம் எடுக்கிறார் என்று அக்காலத்து விமர்சகர்கள் அவர்மேல் குற்றம் சொன்னார்கள். விளிம்பு மங்குவது கலைக்கு அழகாக இருக்கலாம். வளைவுக்கு வளைவு பள்ளத்தை அணைத்துக்கொண்டு போகிற வீதியில் அது பிராணாபத்து.

நாங்கள் பனி என்றும் மூட்டம் என்றும் சொல்வது உண்மையில் மேகமேயாகும். மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரையில் வீசுகிற தென்மேல் பருவக்காற்று, கடலின் ஈரத்தைச் சுமந்துகொண்டு மேற்குச் சரிவில் மோதி மேலே ஏறும்போது, 100 மீற்றர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு பாகை வீதம் குளிர்ந்துகொண்டே வந்து, ஒரு மட்டத்துக்கு மேல் அந்த ஈரத்தைத் தாங்க இயலாமல் நுண்துளிகளாக விட்டுவிடுகிறது. கீழேயிருந்து பார்க்கிறவருக்கு மலைமேல் படிந்த மேகமாகத் தோன்றுவது, அதற்குள்ளே காரோட்டுகிற நமக்கு மூட்டமாகி வீதியை மறைக்கிறது. மார்கழி, தை மாதங்களிலோ காரணம் வேறு: தெளிந்த இரவில் பள்ளத்தாக்கின் நிலம் தன் உஷ்ணத்தை வானத்துக்கு விட்டுக் குளிர்ந்துபோக, ஓயாவின் மேலும் நீர்த்தேக்கத்தின் மேலும் விடியற்காலையில் மூட்டம் கட்டுகிறது. ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் பார்வை எட்டாவிட்டால் அதை மூடுபனி என்று வானிலை சாஸ்திரம் கணக்கிடும். எங்களுக்கு அது 10 மீற்றர், 15 மீற்றர் என்ற கணக்காக இருக்கிற நாட்கள் உண்டு. ஹட்டன் நுவரெலியா வீதியிலும் ஹட்டன் கொழும்பு வீதியிலும் பனிமூட்டம் நிலவுகிறது, முகப்பு விளக்குகளை ஒளிரவிட்டு அவதானமாகச் செலுத்துங்கள் என்று பொலிசார் விடுக்கிற அறிவித்தல் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வருவதை நீங்களும் படித்திருப்பீர்கள்.

அந்த நேரத்தில் வீதியில் நடப்பவர்கள் யார் என்பதையும் யோசிக்க வேண்டும். காலையில் பெரட்டுக்குப் போகிற தொழிலாளர்கள், தலையில் கம்பளியும் இடுப்பில் படங்குமாக, வீதியின் ஓரத்தில்தான் போகிறார்கள். நடைபாதை என்று ஒன்று எங்கள் வீதிகளிலே பெரும்பாலும் கிடையாது. தார் முடிந்தால் கான், கான் முடிந்தால் மண்மேடு. சிறிது நேரம் கழித்துப் பாடசாலைப் பிள்ளைகள் அதே ஓரத்தில் வருவார்கள். வெள்ளைச் சீருடை வெண்பனியில் எவ்வளவு தெரியும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூட வாத்தியாராகிய நான் இந்த வீதியில் காரோட்டுகிறபோது, என் விளக்கு முதலில் எதைக் காட்ட வேண்டும் என்று கேட்டால், தூரத்து வளைவை அல்ல, இடப்பக்கத்துக் கான் ஓரத்தைத்தான் காட்ட வேண்டும் என்பேன். மூடுபனி விளக்கு அதற்கென்றே செய்யப்பட்ட சாதனம்.

ஹெட் லைட் அந்த வேலையைச் செய்யாது. நாம் ஹெட் என்று சொல்லுகிற தூர ஒளி, கண்ணுக்கு நேரான உயரத்தில் மிதக்கும் கோடிக்கணக்கான நீர்த்துளிகளில் பட்டு, அவற்றால் சிதறி, நம் கண்ணுக்கே திரும்பி வந்துவிடுவதால், ஒளியைக் கூட்டக் கூட்ட வெண்மைதான் கூடுகிறதே தவிர வீதி தெரிவதில்லை. டிம் போட்டால் இது குறையும். முற்றிலும் தீராது, ஏனெனில் டிம் லைட்டும் 50, 60 மீற்றர் தூரத்தைக் காட்டுவதற்காக அமைக்கப்பட்டதே. மூடுபனி விளக்கோ பம்பரின் கீழ்ப்பக்கத்தில், வீதிக்கு அண்மையில் இருக்கிறது. அதன் ஒளி, மேல் எல்லை கத்தரித்தாற்போல் ஒரே மட்டமாக முடிந்து, இடப்பக்கமும் வலப்பக்கமும் வெகுவாக விரிந்து செல்கிறது. ஒளி போகிற பாதையும் நம் பார்வை போகிற பாதையும் ஒன்றுக்கொன்று விலகியிருப்பதால், சிதறி வருகிற ஒளி கண்ணை அதிகம் அடைவதில்லை. ஆனால் அதோடு சேர்ந்து டிம் லைட்டும் எரிந்தேயாக வேண்டும் என்று வயர் இணைக்கப்பட்டிருந்தால், கீழே பெற்ற பலனை மேலே இழந்துவிடுகிறோம். தனித்து எரிய வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

மஞ்சள் ஒளி பனியை ஊடுருவும் என்ற நம்பிக்கை எங்கள் பகுதியில் வெகு பலமாக இருக்கிறது. ஒளி சிதறுவது பற்றிப் பேசினால் திருச்சிராப்பள்ளியிலே பிறந்து 1930இல் நோபல் பரிசு பெற்ற சி. வி. ராமன் நினைவுக்கு வராமல் போகமாட்டார். ஒளியின் அலைநீளத்தை விட வெகு சிறியவையான மூலக்கூறுகளில் படும்போது நீலம் அதிகமாகவும் சிவப்பு குறைவாகவும் சிதறுகிறது என்பது அவருக்கு முன்னரே ரேலி பிரபு கண்ட உண்மை. வானம் நீலமாகத் தோன்றுவது அதனால்தான். மூடுபனியின் துளியோ ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு பருமன் உடையது, அதாவது ஒளியின் அலைநீளத்தைப் போல் 20 மடங்கு. அவ்வளவு பெரிய துளியில் எல்லா நிறமும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறிவிடுகிறது. மூட்டம் வெண்மையாக இருப்பதே அதற்குச் சாட்சி. ஆகவே மஞ்சள் ஊடுருவும் என்பதற்குப் பௌதிக ஆதாரம் இல்லை. நீலம் கலந்த கடும் வெள்ளொளி கண்ணை அதிகமாகக் கூசச் செய்யும், மஞ்சள் அந்தக் கூச்சத்தைக் குறைக்கும் என்ற வரையில் அதற்கு ஒரு பிரயோஜனம் உண்டு. பிரான்ஸ் தேசத்தில் 1930களின் பிற்பகுதியிலிருந்து 1993 வரையில் கார்களின் முகப்பு விளக்கே மஞ்சளாக இருக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. எனக்கு மஞ்சள் பிடிக்கும். ஆனால் நிறத்தை விட உயரமும் ஒளியின் மேல் எல்லையும்தான் முக்கியம் என்பதை வலியுறுத்துகிறேன். சந்தையில் விற்கிற நீல வெள்ளை எல்.ஈ.டி. பல்பை வாங்கி, ஹலோஜன் பல்புக்கென்று செய்த கண்ணாடிக்குள் திணிப்பவர்கள் அந்த மேல் எல்லையையே கெடுத்துவிடுகிறார்கள். எதிரே வருகிறவனுடைய கண்ணைக் குருடாக்குவதைத் தவிர அதனால் வேறு பலன் இல்லை.

இனி என் காருக்கு வருகிறேன். பழைய ஜப்பானியக் கார். மூடுபனி விளக்குகள் தொழிற்சாலையிலேயே வந்தவை அல்ல. எனக்கு முன் வைத்திருந்தவர் பிற்பாடு பொருத்தியவை. தனி சுவிட்ச் ஒன்று டாஷ்போர்டில் இருந்தது. ஆனால் மின்சாரத்தை டிம் லைட்டின் வயரிலிருந்தே எடுத்திருந்தபடியால் டிம் எரிந்தால்தான் இவையும் எரியும். துரைமார் காலத்து மொரிஸ், ஒஸ்டின் கார்களில் லூகாஸ் கம்பெனியின் மூடுபனி விளக்கைத் தனியாகப் பொருத்தித் தனி சுவிட்சில் எரித்த வழக்கம் இருந்திருக்க, பின்னாளில் இந்தத் தளை எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறேன். அமெரிக்காவில் விற்கப்படும் பல கார்களில் இன்றும் டிம் எரிந்தால்தான் மூடுபனி விளக்கு எரியும், ஹெட்டைப் போட்டால் அது அணைந்துவிடும். அங்கேயும் அதை மாற்றிக்கொள்பவர்கள் ஏராளம்.

டிம் வயரிலிருந்து எடுத்ததில் இன்னொரு தீங்கும் இருந்தது. டிம் பல்பு இரண்டும் 55 வாட், மூடுபனிப் பல்பு இரண்டும் 55 வாட். நாலும் சேர்ந்தால் 220 வாட். 12 வோல்ட்டில் அது 18 அம்பியருக்கு மேல். டிம் லைட்டுக்கென்று மட்டும் போட்ட மெல்லிய வயரும் சுவிட்சும் அந்த மின்சாரத்தைத் தாங்கிக்கொண்டிருந்தன. தாங்கினாலும் வழியிலேயே மின்னழுத்தம் கொஞ்சம் செலவாகிவிடும். ஹலோஜன் பல்பின் சுபாவமோ, மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஒளி ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிடும் என்பது. ஆகவே விளக்கு நாலு எரிந்தும் ஒன்றுகூடத் தன் முழுப் பிரகாசத்தோடு எரியவில்லை.

பட்டணத்தில் எனக்குத் தெரிந்த வயரிங் பாஸ் ஒருவர் இருக்கிறார். வயதில் இளையவர், கையில் நிதானம் உள்ளவர். பொனட்டைத் திறந்து வயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மாஸ்டர், ரெண்டு வழி இருக்கு. நேரா பட்டரியில இருந்து எடுத்து சுவிட்ச் குடுத்தா அரை மணித்தியாலத்தில வேல முடிஞ்சிரும். எல்லாரும் அப்பிடித்தான் கேக்குறாங்க."

"அப்படிக் கொடுத்தால் பின்னால் உள்ள சிவப்பு லைட் எரியுமா, தம்பி?"

"அதுக்கு நீங்க பார்க் லைட்டையும் சேத்துப் போடணும், மாஸ்டர்."

"நான் போட மறந்தால்?"

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பொறவு பின்னுக்கு இருட்டுத்தான்" என்றார்.

இந்தப் பதிவின் உயிர்நிலை இந்த இடத்தில் இருக்கிறது. முன்னே ஒளி விரிந்து வீதி தெரிகிற காரின் சாரதிக்கு, தன் காரின் பின்புறம் இருளாக இருக்கிறது என்ற நினைப்பே எழாது; அவனுக்கு எல்லாம் வெளிச்சமாக இருக்கிறது. நோர்வூட்டுக்கு இப்பால் ஒரு மாலையில், நல்ல மூட்டத்தில், நான் மெதுவாக வந்துகொண்டிருந்தபோது, எனக்கு முன்னால் ஒரு வேன் போய்க்கொண்டிருக்கிறது என்பதே அதன் பிரேக் லைட் எரிந்த அந்தக் கணத்தில்தான் எனக்குத் தெரிந்தது. எங்களுக்கு இடையே இருந்தது ஒரு வேனின் நீளம். வேனின் முன்னே மஞ்சள் ஒளி வெகு அழகாக விரிந்து கிடந்தது, அதை வளைவில் திரும்பும்போது பார்த்தேன். பின்னே ஒன்றுமே இல்லை. அந்த வேன் சாரதி கெட்டவரல்லர், அசட்டையானவரும் அல்லர். அவர் வேனில் யாரோ நேராகப் பட்டரியிலிருந்து வயர் இழுத்துக் கொடுத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

வேகத்தின் கணக்கை ஒரு தரம் போட்டுப் பார்த்தால் இதன் ஆபத்து விளங்கும். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகம் என்பது ஒரு விநாடிக்கு 11 மீற்றர். தடையைக் கண்டு காலை எடுத்துப் பிரேக்கில் வைக்க ஒன்றரை விநாடி பிடிக்குமானால் அதற்குள் 17 மீற்றர் போய்விடும். நனைந்த தாரில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 16 மீற்றர் வேண்டும். ஆக 33 மீற்றர். 20 கிலோமீற்றர் வேகத்திலானால் இரண்டும் சேர்ந்து 12, 13 மீற்றருக்குள் முடிந்துவிடும். 15 மீற்றர் மட்டுமே தெரிகிற மூட்டத்தில் 20க்கு மேல் போகிறவன் தான் காணாத இடத்துக்குத் தன் காரை அனுப்புகிறான். பின்னால் வருகிறவனும் அதே கணக்கில்தான் வருகிறான். அவனுக்கு நம்முடைய சிவப்பு விளக்கு ஒன்றுதான் ஆதாரம். அதிலும் சிவனொளிபாதமலைப் பருவகாலத்தில், மார்கழிப் பௌர்ணமி தொடங்கி வைகாசிப் பௌர்ணமி வரையில், மலைப் பாதை அறியாத கீழ்நாட்டுச் சாரதிகள் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா வழியாக இரவெல்லாம் வண்டியோட்டி வருகிறார்கள். மூட்டத்தைக் கண்டவுடன் அவர்களில் பலர் ஹெட்டைப் போட்டுவிடுகிறார்கள். போட்டபின் அவர்களுக்கு வெண்மையைத் தவிர வேறொன்றும் தெரிவதில்லை. அப்படி வருகிறவர்களுக்கு முன்னால் பின்விளக்கு இல்லாமல் போவது எத்தகைய காரியம் என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

இது வெறும் வாத்தியாருடைய பயம் அல்ல என்பதற்குச் சர்வதேசச் சட்டங்களே சாட்சி. வீதிப் போக்குவரத்துப் பற்றிய 1968ஆம் வருஷத்து வியன்னா உடன்படிக்கை, அடர்ந்த மூடுபனி, பனிவீழ்ச்சி, பெருமழை முதலிய வேளைகளில் மட்டும் மூடுபனி விளக்கை எரிக்கலாம் என்றும், முன்புறத்து மூடுபனி விளக்கை டிம் லைட்டுக்குப் பதிலாகவே எரிக்கலாம் என்றும் சொல்கிறது. ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழு வகுத்த 48ஆம் இலக்க வாகன ஒழுங்குவிதியோ இன்னும் தெளிவாக இருக்கிறது. முன்புற மூடுபனி விளக்கை ஹெட், டிம் இரண்டையும் சாராமல் போடவும் அணைக்கவும் இயல வேண்டும் என்று ஒரு விதி. முன் பின் பார்க் விளக்குகளும் இலக்கத் தகட்டு விளக்கும் எரியாதபோது மூடுபனி விளக்கு எரிய இயலாதவாறு மின் இணைப்பு இருக்க வேண்டும் என்று மற்றொரு விதி. முதல் விதியை எங்கள் மக்கள் அனுபவத்தால் கண்டுகொண்டார்கள். இரண்டாவதையும் சேர்த்துக்கொண்டால் காரியம் பூரணமாகிவிடும்.

அதற்கு வேண்டியது ஒரு ரிலே, ஒரு பியூஸ், கொஞ்சம் வயர். துரையின் ஒரு சொல்லைக் கேட்டு நூறு பேரை மலைக்கு அனுப்புகிற கங்காணியைப் போல, ரிலே என்பது கால் அம்பியருக்கும் குறைந்த மின்சாரத்தைப் பெற்றுக்கொண்டு 9, 10 அம்பியரைத் திறந்துவிடும் சாதனம். நாலு கால் உள்ள சாதாரண ரிலேயே போதும். அதன் கால்களில் 30, 87, 85, 86 என்று பொறித்திருக்கும் எண்கள் ஜெர்மானியத் தர நிர்ணயத்திலிருந்து வந்தவை. எந்தத் தேசத்து ரிலேயிலும் பெரும்பாலும் இவையே இருக்கும். பட்டரியின் நேர் முனையிலிருந்து 15 அம்பியர் பியூஸ் வழியாக 30க்கு வர வேண்டும். 87இலிருந்து இரண்டு விளக்குகளுக்கும் போக வேண்டும். இந்த இரண்டுக்கும் 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டோம். 85ஐ எர்த் செய்தோம். மிச்சம் உள்ள 86க்குத்தான் சுவிட்சிலிருந்து வருகிற மின்சாரம். அந்தச் சுவிட்சுக்கு மின்சாரத்தை எங்கிருந்து கொடுக்கிறோம் என்பதிலேதான் முழு விவகாரமும் அடங்கியிருக்கிறது. டிம் வயரிலிருந்து கொடுத்தால் பழைய அடிமைத்தனம். பட்டரியிலிருந்து கொடுத்தால், பின்புறம் இருளும், காரை நிறுத்திவிட்டு மறந்து போனால் காலையில் ஸ்டார்ட் ஆகாத பட்டரியும். பார்க் லைட் வயரிலிருந்து கொடுத்தால், பார்க் லைட் எரிகிறபோது மட்டும் மூடுபனி விளக்கு எரியும். பார்க் லைட் எரிந்தால் பின்னே இரண்டு சிவப்பு விளக்கும் எரியும். சாரதியின் ஞாபகசக்தியை நம்ப வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. ரிலே கேட்கிற மின்சாரம் அற்பமாகையால் பார்க் லைட் வயருக்கும் அது பாரமாவதில்லை.

பியூஸ் எங்கே இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருக்க வேண்டும். பட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஏனென்றால் பியூஸுக்கு முன்னால் உள்ள வயர் எங்காவது தேய்ந்து இரும்பில் பட்டால் அதைக் காப்பதற்கு யாரும் இல்லை. காருக்குள்ளிருந்து எஞ்சின் பக்கம் வயர் வருகிற துளையிலே ரப்பர் வளையம் இல்லாமல் விடக் கூடாது. பழைய விளக்கின் இணைப்பை நாங்கள் பிரித்தபோது, இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்த இடத்தில் செம்புக் கம்பி பச்சைக் களிம்பேறி, விரலால் தொட்டவுடன் பொடியாக உதிர்ந்தது. எங்கள் ஊர் ஈரத்துக்கு டேப் ஒரு பாதுகாப்பே அல்ல. இம்முறை ஒவ்வொரு இணைப்பையும் ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூடு காட்டினால் சுருங்கிக்கொள்ளும் குழாயை அதன்மேல் இட்டு, பிளக்குகளுக்குள் வாசலின் தடவினோம். எர்த் கொடுக்கிற இடத்தில் பெயிண்டை இரும்பு மின்னும் வரையில் சுரண்டியபின் போல்ட்டை முடுக்கி, மேலே மறுபடியும் வாசலின் பூசினோம். விளக்கு மங்குகிறது, மினுக்குகிறது என்று வருகிற கார்களில் பல, எர்த் கெட்டுப்போய்த்தான் வருகின்றன என்று பாஸ் சொன்னார். சுவிட்சில் ஒரு சிறு சைகை விளக்கும் இருக்கிறது. மூடுபனி விளக்கு எரிகிறது என்பதை அது கண்ணெதிரே காட்டிக்கொண்டே இருக்கும்.

தொழிற்சாலையிலேயே மூடுபனி விளக்கோடு வந்த ஜப்பானியக் காராக இருந்தால் ஒரு விஷயத்தில் ஜாக்கிரதை வேண்டும். அவற்றில் பலவற்றில் சுவிட்ச் நேர் மின்சாரத்தைக் கொடுப்பதற்குப் பதிலாக ரிலேயின் எர்த் பக்கத்தைத் திறந்து மூடுகிறது; மீற்றர் வைத்துப் பாராமல் வயரை வெட்டினால் பியூஸ் போவதோடு நிற்காது. கம்ப்யூட்டரே எல்லா விளக்கையும் நிர்வகிக்கிற புதுக் கார்களில் வயரை வெட்டவே வேண்டாம் என்பது என் யோசனை. அதற்கென்று தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் போவதே உத்தமம்.

வயரிங் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் விளக்கின் கோணம் தவறினால் எல்லாம் வீண். சமதளத்தில், ஒரு சுவருக்கு 25 அடி தூரத்தில் காரை நிறுத்தி, விளக்கின் நடுமையம் தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்தில் சுவரில் ஒரு கோடு இழுத்து, ஒளியின் மேல் எல்லை அந்தக் கோட்டுக்கு 4 அங்குலம் கீழே நிற்கும்படி திருகாணியைத் திருப்ப வேண்டும். பொகவந்தலாவையில் சமதளம் தேடுவது சிரமம். எங்கள் பாடசாலை மைதானத்தில், மாலையில் இருட்டியபின், மைதானத்துச் சுவரை வைத்து இதைச் செய்தோம். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் நாலைந்து பேர் கூடி நின்று, கோடு இழுப்பது எதற்கு, ஒளி ஏன் மேலே போகக் கூடாது என்று கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லவே அரைமணி நேரம் ஆயிற்று. வகுப்பில் ஒளியியல் பாடத்துக்கு அவர்கள் இவ்வளவு கேள்வி கேட்டதில்லை.

இப்போது மூட்டம் கட்டிய வேளையில் பார்க் லைட்டையும் மூடுபனி விளக்கையும் மட்டும் போட்டுக்கொண்டு மெதுவாகப் போகிறேன். இடப்பக்கத்தில் கானின் விளிம்பு தெரிகிறது, அதற்கு அப்பால் மண்மேட்டின் புல் தெரிகிறது, ஓரத்தில் நடக்கிறவர்களின் கால்கள் முதலில் தெரிகின்றன. தூரம் தெரியாது, அதைத் தெரியச் செய்யும் விளக்கு எதுவும் இல்லை, ஆகையால் வேகத்தைக் குறைப்பதைத் தவிர வேறு வழியும் இல்லை. பகல் நேரத்து மூட்டத்தில் டிம்மையும் சேர்த்துப் போட்டுவிடுகிறேன், ஏனெனில் பகலில் நாம் பார்ப்பதை விட எதிரே வருகிறவர் நம்மைப் பார்ப்பதே முக்கியம். மூட்டம் விலகியவுடன் மூடுபனி விளக்கை அணைத்துவிட வேண்டும். தெளிந்த இரவிலும் அலங்காரத்துக்காக அதை எரித்துக்கொண்டு ஓட்டுகிற வழக்கம் எங்கள் பகுதியில் பரவி வருவது வருந்தத்தக்கது. மழையில் நனைந்த தாரில் அந்த ஒளி பட்டுத் தெறித்து எதிரே வருகிற முச்சக்கரவண்டிக்காரரின் கண்ணை நேராகத் தாக்குகிறது.

உங்கள் காரிலோ வேனிலோ மூடுபனி விளக்கை ஹெட் லைட்டிலிருந்து பிரித்து வயர் போடச் சொல்லியிருந்தால், பாஸ் வேலை முடிந்தது என்று சொன்னவுடன் முன்னால் நின்று வெளிச்சத்தைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். அவரை மூடுபனி விளக்கின் சுவிட்சை மட்டும் போடச் சொல்லிவிட்டு, வண்டியின் பின்புறம் போய் நின்று, அங்கே இரண்டு சிவப்பு விளக்கும் எரிகின்றனவா என்று பாருங்கள். மூடுபனி விளக்கு எரிந்து, சிவப்பு எரியாமல் இருந்தால், இணைப்பைப் பார்க் லைட் வயருக்கு மாற்றித் தரும்படி கேளுங்கள். மாற்றித் தந்தபின் கூலியைக் கொடுங்கள்.